எருமையின் வால்கூண்டு

2004ஆம் ஆண்டு ஆயுத பூஜையன்று மாலை, ஷார்ஜாவிலிருந்து தைத் போகும் சாலையில் இருந்த ஒரு தனியார் விமானக் கொட்டகையில், முனியசாமி என்பவர் பழைய குண்டுவீச்சு விமானம் ஒன்றின் வாலில் இருக்கும் கண்ணாடிக் கூண்டுக்குள் ஏறி உட்கார்ந்தார். அதன் பிறகு அவர் எழுந்திருக்கவில்லை. அந்த வாரம் ஷார்ஜா மார்க்கெட்டில் தக்காளி கிலோ மூன்று திர்ஹம் விற்றது. நோன்பு மாதமானதால் எலுமிச்சம்பழமும் விலை ஏறியிருந்தது.

கொட்டகையின் சொந்தக்காரரை எல்லோரும் அர்பாப் என்றே சொன்னார்கள். முதலாளி என்று அதற்குப் பொருள். அவர் எந்த நாட்டவர் என்பதில் தொழிலாளர்கள் தங்கியிருந்த கேம்பில் ஒருமித்த கருத்து இல்லை. பழைய போர் விமானங்களைச் சேர்ப்பது அவருடைய பொழுதுபோக்கு. ஒன்று பர்மாக் காட்டில் மூங்கில் முளைத்த நிலையில் கிடைத்தது. ஒன்றை நார்வேயில் ஏரிக்கடியிலிருந்து எடுத்தார்கள். இன்னொன்றின் உடம்பில் இங்கிலாந்து விவசாயி ஒருவர் நாற்பது வருடமாகக் கோழி வளர்த்துக்கொண்டிருந்தார். இவற்றைத் துண்டு துண்டாகக் கப்பலில் கொண்டுவந்து, துருவைச் சுரண்டி, ஓட்டை அடைத்து, ரிவெட் அடித்து, பெயிண்ட் அடித்து, நேற்றுத்தான் தொழிற்சாலையிலிருந்து வந்தது போல வரிசையாக நிறுத்தினார்கள். எந்த விமானத்தையும் அர்பாப் பறக்க விட்டதில்லை. பறந்தால் பெயிண்ட் கெட்டுவிடும் என்பார். சுரண்டவும் அடைக்கவும் அடிக்கவும் தமிழ்நாட்டிலிருந்து வந்த ஆட்கள் இருந்தார்கள். ஆங்கிலப் பெயர்கள் அவர்கள் வாயில் நுழையாததால் விமானங்களுக்குச் சொந்தமாகப் பெயர் வைத்துக்கொண்டார்கள். சிறிய சண்டை விமானம் வெட்டுக்கிளி. நான்கு எஞ்சினோடு கன்னங்கரேலென்று நின்ற பெரிய குண்டுவீச்சு விமானம் எருமை. ஃபோர்மேன் ரகுநாதனுக்கு மட்டும் அந்தப் பெயர் பிடிக்காது. கும்பகோணத்துப் பக்கத்துக்காரரான அவர் நாள் கிழமை பார்க்கிறவர். எருமை யாருடைய வாகனம் என்று யோசித்துப் பேச வேண்டும் என்பார்.

வேலையை மேற்பார்வை பார்த்தவர் கோயம்புத்தூர்க்காரரான என்ஜினியர் சேதுமாதவன். மனைவி தாமரையோடும் மகள் சம்யுக்தாவோடும் துபாய் சத்வாவில் ஒரு தையற்கடைக்கு மேல் குடியிருந்தார். அவர் கெட்ட மனிதர் அல்லர். கெட்ட மனிதர்கள் செய்யச் சொல்வதைத் தாமதமில்லாமல் செய்து முடிப்பவர், அவ்வளவுதான். அர்பாப் ஒவ்வொரு விமானத்திலும் ஆட்கள் இருப்பதுபோலத் தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டபோது, மெழுகில் செய்த விமானி பொம்மைகளை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தவரும் அவர்தான். அந்த ஆகஸ்ட் மாதம் ஜெனரேட்டர் நின்று ஏசி அணைந்தது. மறுநாள் கதவைத் திறந்தபோது பொம்மைகளெல்லாம் உருகியிருந்தன. எருமையின் விமானி தன் மூக்கைத் தன் மடியில் இருந்த வரைபடத்தின் மீது இறக்கி வைத்திருந்தார். விருந்தினர்கள் வரும் பருவம் நெருங்கிக்கொண்டிருந்தது. கேம்பில் குட்டையான ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்களே என்றார் அர்பாப்.

அப்படித்தான் ஐந்து பேர் தோல் சட்டையும் தோல் தொப்பியும் போட்டுக்கொண்டு எருமைக்குள் உட்கார்ந்தார்கள். இமைக்கக் கூடாது, இருமக் கூடாது, விருந்தினர் தொட்டாலும் திரும்பக் கூடாது என்பது உத்தரவு. செப்டம்பர் முடிவதற்குள் உருகாத ஃபைபர் பொம்மைகள் வந்து நான்கு பேருக்கு விடுதலை கிடைத்தது. வாலில் இருந்த கண்ணாடிக் கூண்டு மட்டும் மிகவும் குறுகல். போர்க்காலத்தில் அதில் உட்கார்ந்து பின்பக்கமாகச் சுட்டவர்களே முழங்கால் நெஞ்சில் இடிக்கத்தான் உட்கார்ந்தார்களாம். வந்த பொம்மை அதற்குள் நுழையவில்லை. முதுகுளத்தூர்ப் பக்கத்து முனியசாமி நுழைந்தார். பகலில் பெயிண்ட் சுரண்டுவார், மாலையில் பொம்மையாக இருப்பார். கண்ணாடியை உள்ளிருந்து துடைத்து வைப்பதும் அவருடைய பொறுப்பில் சேர்ந்தது. ஒக்காந்து திங்கிற டூட்டி என்று மற்றவர்கள் கேலி செய்தார்கள். அவர் சிரித்துக்கொண்டு போவார். ஊருக்குப் போய் நான்கு வருடம் ஆகியிருந்தது. இந்தப் பருவம் முடியும் வரை உட்கார்ந்தால் தை மாதம் லீவு என்று சேதுமாதவன் வாக்குக் கொடுத்திருந்தார். முனியசாமி அதை ராக்கம்மாவிடம் போனில் சொல்லியும் விட்டார். கல்யாணமான ஏழாம் மாதம் பிரிந்த மனைவி அவர். தை மாதம் எத்தனாம் தேதி என்று கார்டில் காசு தீரும் வரை கேட்டுக்கொண்டிருந்தாராம்.

விருந்தினர்கள் பெரும்பாலும் நல்ல குடும்பத்தவர்கள். கூண்டில் இருப்பது பொம்மையா ஆளா என்று தங்களுக்குள் பந்தயம் கட்டிக்கொண்டார்கள். பார்ப்பதற்காக ஒருவர் தோல் சட்டையின் கழுத்து வழியே ஐஸ் கட்டி போட்டார். ஒருவர் முழங்கையருகே லைட்டரைப் பிடித்தார். ஒரு பெண்மணி கொண்டை ஊசியை எடுத்தபோது அவருடைய சிறு மகள் அழுதாள். அழாதே, வெறும் பொம்மைதான் என்று சமாதானம் சொல்லிவிட்டு ஊசியை முழங்காலில் இறக்கினார். முனியசாமி இமைக்கவில்லை. தை மாதத்தை நினைத்துக்கொண்டேன் என்று பிறகு கேம்பில் சொன்னார். பொம்மைதான் என்று கட்டிய அர்பாப் பந்தயத்தில் ஒரு முறையும் தோற்கவில்லை.

ஆயுத பூஜைக்கு சேதுமாதவன் அனுமதி கொடுத்தார், தீ விஷயத்தில் ஜாக்கிரதை என்ற நிபந்தனையோடு. ரகுநாதனின் ஆட்கள் ஸ்பானர், ட்ரில், சுரண்டும் தகடு, ரிவெட் துப்பாக்கி, கம்ப்ரஸர் எல்லாவற்றையும் கழுவித் துடைத்து எருமையின் மூக்குக்கு முன்னால் சிமெண்ட் தரையில் வரிசையாக வைத்தார்கள். சந்தனம், குங்குமம், பொரி, கடலை, சக்கரத்துக்கு அடியில் வைக்க எலுமிச்சம்பழம். பழத்தை வாங்கி வந்தவர் சுஐபு. கீழக்கரைக்காரர், கொட்டகையின் வாட்ச்மேன், டீ போடுகிறவரும் அவர்தான். நோன்பு வாயோடு வெயிலில் மார்க்கெட்டுக்குப் போய் வந்திருந்தார். கற்பூரத் தட்டோடு ரகுநாதன் விமானத்தைச் சுற்ற, பின்னாலேயே சுஐபு தீயணைக்கும் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு சுற்றினார். அன்று மாலையும் விருந்தினர் வர இருந்ததால் முனியசாமி முன்கூட்டியே கூண்டில் ஏறியிருந்தார். வாலருகே வந்த ரகுநாதன் கூண்டின் சிறு கதவைத் திறந்தார்.

"எனக்கு எதுக்குண்ணே? நான் என்ன ஸ்பானரா?" என்றார் முனியசாமி.

"நீயும் அர்பாப்போட சாமான்தானேடா. சாமான்னா பொட்டு வச்சுத்தான் ஆகணும். தலையக் காட்டு."

"அப்ப எலுமிச்சம்பழத்த எங்கிட்டு வைப்பீக, என் காலுக்கடியிலயா?"

எல்லோரும் சிரித்தார்கள். "மறுபூஜை போடாம இறங்கிராதீக, சாமி குத்தமாயிரும்" என்று கூட்டத்தில் யாரோ சொன்னார். முனியசாமியும்தான் சிரித்தார். ரகுநாதன் அவர் நெற்றியில் சந்தனம் வைத்து, அதன் மேல் குங்குமம் வைத்து, ஸ்பானருக்குக் காட்டிய அதே கற்பூரத்தை அவருக்கும் காட்டினார். மனத்தில் கெடுதல் இல்லாதவர்கள் வாயிலிருந்து வரும் சொல்லையும் கடவுள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். கற்பூரம் எரிகிற நேரத்தில் இன்னும் கொஞ்சம் கவனமாகக் கேட்கிறார் என்று தோன்றுகிறது.

பூஜையில் வைத்த சாமானை அன்றைக்கு யாரும் தொடமாட்டார்கள். மறுநாள் காலை, வைத்தவரே சிறிதாக ஒரு மறுபூஜை செய்து, ஒவ்வொன்றையும் லேசாக அசைத்து வைத்து, அதற்குப் பிறகுதான் கையில் எடுப்பது வழக்கம். விருந்தினர்கள் நள்ளிரவு தாண்டியும் இருந்ததால் முனியசாமி அன்று கூண்டிலேயே தங்கிவிட்டார். மறுநாள் விடிவதற்கு முன் கேம்ப் வாசலில் பஸ் வந்து நின்றது. ருவைஸ் எண்ணெய் ஆலையில் ஷட்டவுன் வேலைக்கு ஆள் போதவில்லை, அத்தனை பேரும் ஏற வேண்டும், யல்லா யல்லா என்று விரட்டினார்கள். மறுபூஜை போட வேண்டும், அரை மணி நேரம் போதும் என்று ரகுநாதன் கேட்டார். மாஃபி, கிடையாது என்றார் பஸ்ஸோடு வந்தவர். பஸ் போய்விட்டது.

காலையில் கொட்டகைக்கு வந்த சேதுமாதவன் கீழே கிடந்த ஒரு ஸ்பானரை எடுக்கக் குனிந்தார். அது வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார். ஃபோர்க்லிஃப்ட் கொண்டுவந்து சங்கிலி கட்டித் தூக்கினார்கள். சங்கிலி அறுந்தது. குங்குமம் வைத்த எல்லாமே அப்படித்தான், எது எங்கே இருந்ததோ அங்கேயே பிடித்துக்கொண்டிருந்தன. ஸ்பானர் தரையோடு, எருமையின் சக்கரங்கள் தரையோடு, முனியசாமி தன் இருக்கையோடு. குங்குமம் வைக்க மறந்த ஒரு சுத்தியல் மட்டும் சாதாரணமாகக் கைக்கு வந்தது. துபாயில் தேரா கடைத்தெருவிலிருந்து புது சாமான் வாங்கி வந்தார்கள். பழையவற்றைச் சுற்றிக்கொண்டு நடக்க எல்லோரும் பழகிக்கொண்டார்கள். முனியசாமியை சுஐபும் இரண்டு டிரைவர்களும் இழுத்துப் பார்த்தார்கள். தோல் சட்டையின் தையல் பிரிந்தது, அவர் அசையவில்லை. "வலிக்குது, விடு சுஐபு. ரகுநாதண்ணன் வந்து எடுப்பாரு" என்றார் முனியசாமி.

அன்று மாலை சத்வாவிலிருந்து தாமரை சுண்டல் கொண்டுவந்தார். வீட்டில் கொலு வைத்திருந்தார். கணவரின் ஆட்களுக்கும் கொடுக்க வேண்டும் என்று பெரிய டப்பாவில் எடுத்துவந்தால், கொட்டகையில் ஆட்களே இல்லை. வாலுக்குப் போய், கூண்டில் இருந்தவரின் வலது கையில் ஒரு பிடி சுண்டல் வைத்தார். சாப்பிட்டுக் கை துடைக்கத் தன் கைக்குட்டையையும் அந்தக் கையிலேயே கொடுத்தார். "எவ்வளவு நேரமா இப்படி இருக்கீங்க?" என்று கேட்டார். "நேத்துலேர்ந்துங்கம்மா. உப்பு கொஞ்சம் தூக்கல்" என்றார் முனியசாமி. தாமரை சிரித்துவிட்டு, வண்டியில் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அழுதார். அவரை இறக்க ஒன்றும் செய்ய முடியாதா என்று கணவரிடம் கேட்டார். "நம்ம விசா அர்பாப் கையில இருக்கு தாமரை. சம்யுக்தாவுக்கு அடுத்த வருஷம் டென்த்" என்றார் சேதுமாதவன். வண்டி பிறகு சிக்னல்களில் மட்டும் நின்றது.

முதல் வாரம் முனியசாமிக்குப் பசித்தது. இரண்டாம் வாரம் பசி நின்றது. வேர்வை நின்றது. நகம் வளர்வது நின்றது. கால் பெருவிரலில் தொடங்கி உடம்பு மெல்ல ஃபைபர் நிறத்துக்கு மாறிக்கொண்டு மேலே வந்தது. தட்டினால் காலி டப்பாவைப் போலச் சத்தம் கேட்டது. ஆனால் யாராவது அன்போடு தொட்ட இடத்துக்கு வந்தபோது அந்த மாற்றம் சற்று நின்று, ஓடையில் கல்லைத் தண்ணீர் சுற்றிப் போவதுபோல, அதைச் சுற்றிக்கொண்டு போனது. சுண்டல் வாங்கிய வலது கை, முழங்கை வரை கையாகவே இருந்தது. சுஐபு தினமும் நோன்பு திறந்ததும், தான் குடித்த டம்ளரில் மிச்சம் வைத்துக் கொண்டுவந்து முனியசாமியின் உதட்டை நனைப்பார், ஈரத்துணியால் கண்ணைத் துடைத்துவிடுவார். உதடும் கண்ணும் மாறவில்லை. தொண்டை மாறிவிட்டது. உதடு அசையும், சத்தம் வராது. நெற்றியில் குங்குமம் ஈரமாகவே இருந்தது.

வெளிநாட்டுப் பயணம் முடிந்து வந்த அர்பாப் கைத்தடியால் முனியசாமியின் முழங்காலைத் தட்டிப் பார்த்தார். ஓசை அவருக்குப் பிடித்திருந்தது. இனி இவனுக்குச் சம்பளம் உண்டா என்று கேட்டார். விசாவில் இருக்கும் வரை சட்டப்படி உண்டு என்றார் சேதுமாதவன். அப்படியானால் ஓடிப்போய்விட்டான் என்று எழுதிக் கொடு என்றார் அர்பாப். சேதுமாதவன் எழுதிக் கொடுத்தார். எங்கும் அசைய முடியாத ஒருவர் இப்படித்தான் ஓடிப்போனவர் ஆனார். விசாரிக்க வந்த இரண்டு பேர் கேம்பில் தேடிவிட்டு, கொட்டகையையும் சுற்றிப் பார்த்தார்கள். போவதற்கு முன் வாலருகே நின்று பொம்மையோடு ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

ருவைஸ் போனவர்கள் நவம்பர் கடைசியில் திரும்பினார்கள். ரகுநாதன் பஸ்ஸிலிருந்து இறங்கிக் குளித்துவிட்டு, தேங்காயும் கற்பூரமும் எடுத்துக்கொண்டு நேராகக் கொட்டகைக்குத்தான் போனார். சேதுமாதவன் வாசலில் நிறுத்தி, அர்பாப்பிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார். அர்பாப் வேண்டாம் என்றுவிட்டார். பந்தயத்துக்கு இனி ஆபத்தே இல்லாத ஒரு பொம்மை கிடைத்திருக்கிறது, அதைப் பார்க்கவே விருந்தினர்கள் கூடிவருகிறார்கள், பருவம் முடியட்டும் என்றார். பருவம் என்பது மார்ச் வரை.

"சார், தை மாசம் அவனுக்கு லீவுன்னு நீங்கதான சொன்னீங்க" என்றார் ரகுநாதன்.

"கலாஸ், முடிஞ்சு போச்சு ரகுநாதன். மார்ச்ல பாக்கலாம்."

"அவன் பொண்டாட்டிக்கு நான் என்ன சொல்லட்டும்?"

சேதுமாதவன் கடிகாரத்தைப் பார்த்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை, கொட்டகையில் ஆள் இல்லாத நேரத்தில், சுஐபு கதவைத் திறந்துவிட்டார். ரகுநாதன் எருமையின் மூக்கருகே தேங்காய் உடைத்துக் கற்பூரம் ஏற்றினார். ஒவ்வொரு சாமானாக அசைத்தார். ஸ்பானர் வந்தது, ட்ரில் வந்தது, கம்ப்ரஸர் ஒரு பெருமூச்சு விட்டுக்கொண்டு நகர்ந்தது. சக்கரங்களைத் தொட்டபோது விமானம் முழுவதும் லேசாகக் குலுங்கித் தரையை விட்டது. தட்டோடு வாலை நோக்கி ஓடினார். கூண்டின் கதவில் அர்பாப் புதிதாகப் பூட்டுப் போட்டிருந்தார். பூட்டை ரகுநாதன் ஸ்பானரால் அடித்துக்கொண்டிருக்கும்போது, பூஜையன்று அணைத்து வைத்திருந்த தீ எச்சரிக்கை மணி இப்போது கற்பூரப் புகைக்குக் கூரையிலிருந்து அலறத் தொடங்கியது. செக்யூரிட்டி வந்துவிட்டார்கள். கண்ணாடிக்கு உள்ளே முனியசாமியின் வலது கை, வேண்டாம் போய்விடுங்கள் என்பது போல ஆடிக்கொண்டிருந்தது என்று சுஐபு சொன்னார். கொட்டகைக்குத் தீ வைக்க முயன்றதாக எழுதி, கைரேகையும் கண்ணும் பதிவு செய்து, இனி இந்த நாட்டுக்குள் வர முடியாதபடி ரகுநாதனை அந்த வாரமே விமானத்தில் ஏற்றினார்கள். சுஐபு திறந்துவிட்டதாக அவர் கடைசிவரை சொல்லவில்லை. அதனால் சுஐபு தப்பித்தார்.

வைத்தவர்தான் எடுக்க வேண்டும். வேறு யார் செய்தாலும் செல்லாது. இதில் ரகுநாதனுக்குச் சந்தேகமே இல்லை. கும்பகோணத்தில் தன் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து ஒரு வழி யோசித்தார். குறித்த நேரத்தில் சுஐபு தன் மொபைலைக் கூண்டின் சுடும் துவாரம் வழியாக நுழைத்து முனியசாமியின் இடது காதில் வைத்தார். அங்கே ரகுநாதன் கற்பூரம் ஏற்றி, மணி அடித்து, போனில் சொன்னார்: "டேய் முனியசாமி, நீ சாமான் இல்லடா. நான் தெரியாம சொல்லிட்டேன். மனுசன்டா நீ. எறங்குடா." சொல்லிவிட்டு அழுதார். போனில் சத்தம் மட்டுமே வரும், கற்பூரம் வராது. ஆகவே முனியசாமியின் இடது காது மட்டும் விடுபட்டு, பழைய கறுப்பு நிறத்துக்கு வந்து, வெதுவெதுப்பானது. ரகுநாதன் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் முயன்றார். காதுக்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. 2007 தை மாதம் மாரடைப்பில் இறந்தார். கட்டிலில் கிடந்த கடைசி நாட்களில், யாருடைய நெற்றியிலிருந்தோ எதையோ துடைப்பது போல அவர் கட்டைவிரல் அசைந்துகொண்டே இருந்ததாம்.

காது கிடைத்ததில் ராக்கம்மாவுக்கு ஒரு லாபம் இருந்தது. சுஐபு வாரம் ஒரு முறை போன் போட்டு முனியசாமியின் காதில் வைப்பார். ராக்கம்மா பேசுவார். மழை பெய்தது, பெய்யவில்லை, ஆடு குட்டி போட்டது, பெரியப்பா வந்து திட்டினார். இங்கே உதடு அசையும். அதைப் பார்த்து சுஐபு சொல்வார். "மதினி, அண்ணன் ஏதோ சொல்றாரு. சாப்பிட்டியான்னு கேக்குறாருன்னு நினைக்கிறேன்."

"கொழுப்புத்தான். வருசக்கணக்கா பட்டினி கிடக்குறவுக என்னையக் கேக்குறாகளா?" என்பார் ராக்கம்மா.

கம்பெனியிலிருந்து ஓடிப்போய்விட்டார் என்ற செய்தி ஊருக்குப் போனபோது, கொழுந்தன்மார் வந்து அவருக்கு வேறு குடும்பம் ஆகியிருக்கும் என்றார்கள். இன்னும் சில வருடம் போனதும் செத்திருப்பார் என்றார்கள். நிலம் பிரிக்க வேண்டியிருந்தது. தாலியைக் கழற்றிவிட்டால் ஒரு தீர்மானத்துக்கு வரலாம் என்றார்கள். ஒரு நாள் பெண்கள் நாலு பேர் கழற்றவே வந்துவிட்டார்கள். ராக்கம்மா அவர்களை நிறுத்தி வைத்து சுஐபுக்கு மிஸ்டு கால் கொடுத்தார். சுஐபு திரும்பக் கூப்பிட்டதும் ஒரே கேள்வி கேட்டார், அவர் நெற்றியில் குங்குமம் காய்ந்துவிட்டதா என்று. "இல்ல மதினி. இப்பத்தான் வச்ச மாதிரி இருக்கு" என்றார் சுஐபு. வந்தவர்கள் காபி குடித்துவிட்டுப் போனார்கள். நிலத்தை ராக்கம்மா இல்லாமலே பிரித்துக்கொண்டார்கள்.

பருவங்கள் வந்து போயின. ஒவ்வொரு நவராத்திரிக்கும் தாமரை சுண்டல் கொடுத்தனுப்பினார். சுஐபு அதில் நாலு கடலையைத் துவாரம் வழியே அந்தக் கையில் போடுவார். கை வாங்கிக்கொள்ளும், சற்று நேரம் வைத்திருக்கும். மற்ற நாட்களில் தாமரையின் கைக்குட்டையால் கண்ணாடியை உள்பக்கமாகத் துடைத்துக்கொண்டிருக்கும், எட்டிய தூரம் வரை. விருந்தினர்கள் அதை மோட்டார் வைத்த பொம்மை என்று நினைத்தார்கள். அர்பாப் மறுக்கவில்லை.

2008 கடைசியில் உலகத்தில் பணம் திடீரென்று இல்லாமல் போனது. துபாய் ஏர்போர்ட்டில் ஆட்கள் சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு ஊருக்குப் பறந்தார்கள். அவர்களில் சேதுமாதவனும் ஒருவர். போவதற்கு முன் அவர் செய்த கடைசி வேலை, எருமையைப் பஹ்ரைனில் ஒருவருக்கு விற்கும் காகிதத்தைத் தயார் செய்தது. வாங்குபவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார், வாலில் இருக்கும் பொம்மை கூடவே வர வேண்டும். சேதுமாதவன் பொம்மை, ஒன்று, என்று எழுதிக் கையெழுத்திட்டார். தாமரை அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு போட்டார், பேசவில்லை. கோயம்புத்தூரிலும் நெடுநாள் பேசவில்லை என்று கேள்வி.

விமானத்தைப் பிரித்து மரப்பெட்டிகளில் அடைத்தார்கள். வாலைத் தனிப் பெட்டியில் வைத்து ஆணி அடித்தார்கள். பலகை மூடும்போது சுஐபு முனியசாமியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். "அண்ணே, பஹ்ரைன் பக்கம்தான். ராவுல லைட்டு தெரியுமாம்" என்று பொய் சொன்னார். பிறகு கறுப்பு மார்க்கர் வாங்கிவந்து, கவிழ்க்காதே, உடையும் பொருள் என்று அச்சடித்திருந்த இடத்துக்குக் கீழே தமிழில் பெரிதாக எழுதினார்: உள்ளே ஆள் இருக்கிறார். படிக்கிறவர் கொஞ்சம் தண்ணீர் தெளிக்கவும். கப்பல் சேர்ந்த இடத்தில் பெட்டி வெயிலில் பல நாள் கிடந்தது. துறைமுகத்தில் நம் ஆட்கள் இல்லாத இடம் உலகத்தில் ஏது. யாரோ ஒருவர் படித்திருக்கிறார். அவர் பெயர் தெரியவில்லை. பெட்டியைத் திறந்தபோது பலகைச் சந்தில் ஒரு காலித் தண்ணீர் பாட்டில் செருகியிருந்தது. முனியசாமியின் உதடு ஈரமாக இருந்தது.

ராக்கம்மா ஏஜெண்டைப் பிடித்து, வீட்டு வேலை விசாவில், 2009 ஆடி மாதம் பஹ்ரைனில் இறங்கினார். ஈசா டவுனில் ஒரு பள்ளி ஆசிரியர் வீட்டில் வேலை. அந்த வீட்டம்மாள் விஷயத்தைக் கேட்டு ஆச்சரியப்படவில்லை. வெள்ளிக்கிழமை லீவு எடுத்துக்கொள், பஸ்ஸுக்கு நான் தருகிறேன் என்றார். புதுச் சொந்தக்காரரின் கொட்டகையில் ராக்கம்மா வெள்ளிதோறும் கண்ணாடி துடைக்கும் வேலை கேட்டார். கேட்ட கூலி மிகக் குறைவு என்பதால் உடனே கிடைத்தது. மேலாளர் ஒரு விதி சொன்னார். எருமையின் வால்கூண்டைத் திறக்கக் கூடாது. இன்சூரன்ஸ்காரர்கள் பொம்மையோடு சேர்த்து மதிப்புப் போட்டு ஈயத்தால் முத்திரை வைத்திருக்கிறார்கள், சுடும் துவாரத்தையும் அடைத்துவிட்டார்கள். வெளியிலிருந்து துடைக்கலாம்.

முதல் வெள்ளிக்கிழமை ராக்கம்மா ஏணியில் ஏறி வாலுக்கு எதிரே நின்றார். ஒன்பது வருடத்தில் அவருக்குக் காதோரம் நரைத்திருந்தது. உள்ளே இருந்தவருக்கு ஊரைவிட்டுப் போனபோது இருந்த அதே முகம், பாதி ஃபைபராகவும் பாதி மனிதராகவும். நெற்றிக் குங்குமம் ஈரமாக இருந்தது. அதை ஒரு விரலால் தொட்டுத் துடைக்க அவர் கை தானாகப் போனது. கண்ணாடியில் இடித்தது. வைத்தவர் இறந்துவிட்டார், இனி எடுக்க ஆள் இல்லை என்பது அவருக்குத் தெரியும். கண்ணாடியில் வாயை வைத்து, காது கேட்கிற பக்கமாகத் திரும்பி, "சாப்பிட்டீகளா?" என்று கேட்டார். உதடு அசைந்தது. மேலாளர் கீழிருந்து ஜல்தி என்றார். ராக்கம்மா துணியை நனைத்துப் பிழிந்து துடைக்கத் தொடங்கினார். உள்ளே கைக்குட்டை பிடித்த கை எழுந்து வந்து, அவர் துடைத்த இடத்திலேயே, அவர் சுற்றிய பக்கமாகவே சுற்றியது. இவர் மேலே போனால் அது மேலே வந்தது. அதற்கு எட்டாத உயரத்துக்கு ராக்கம்மா போகவில்லை.

ராக்கம்மாவின் விசாவை அந்த வீட்டம்மாள் ஒவ்வொரு முறையும் புதுப்பித்துக் கொடுக்கிறார். சுஐபு கீழக்கரைக்குத் திரும்பி மளிகைக்கடை வைத்திருக்கிறார். ஆயுத பூஜைக்கு முதல் நாள் எலுமிச்சம்பழத்துக்கு யாரிடமும் காசு வாங்குவதில்லை. கொட்டகைக்கு வரும் விருந்தினர்கள் எருமையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இத்தனை கண்ணாடிகளில் வாலில் இருப்பது மட்டும் எப்படி இவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று கேட்பார்கள். இதை இரண்டு பக்கமும் துடைக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு, மேலாளர் அவர்களை அடுத்த விமானத்துக்கு அழைத்துப் போவார்.